கெட்டுப்போன படத்தையும் காட்டுங்கள்

1871 செப்டம்பரில் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராபி’ இதழில் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். புகைப்படம் அவருக்குத் தொழில் அல்ல. நுண்ணோக்கியில் தெரிவதைப் படமாக்குவதில் அவருக்கு ஆர்வம் இருந்தது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற, ஈதர் கலந்த பசையைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஈதர் ஆவி மேடாக்ஸின் உடலைக் கெடுத்தது. அதற்கு மாற்றாக ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து பூசிப் பார்த்தார். படம் விழுந்தது, ஆனால் ஒளியுணர்வு போதவில்லை. அவர் காப்புரிமை கேட்கவில்லை. வேலை முடிந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. செய்தது இவ்வளவுதான், ஆர்வமுள்ளவர்கள் மேலே கொண்டுபோகலாம் என்ற நோக்கில் செய்முறையை அச்சில் கொடுத்துவிட்டார். ஜான் பர்ஜெஸ், ரிச்சர்ட் கென்னட் ஆகியோர் அதைத் திருத்தினார்கள். அந்தக் கலவையை நெடுநேரம் வெதுவெதுப்பாக வைத்திருந்தால் அதன் ஒளியுணர்வு மிகவும் கூடுகிறது என்பதை 1878இல் சார்லஸ் பென்னட் கண்டுபிடித்து வெளியிட்டார். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன், ஆங்கில இதழ்களில் வந்த இத்தகைய செய்முறைகளைப் படித்து, வேலை முடிந்த பிறகு தாயின் சமையலறையில் ஜெலட்டின் காய்ச்சிப் பழகினார். 1888இல் அவர் கொண்டுவந்த கோடாக் கேமராவில் 100 படம் எடுக்கக்கூடிய சுருள் இருந்தது. உலகம் முழுவதும் குடும்பப் படங்கள் எடுக்கப்பட்ட பிலிம் ரோலின் வம்சம், ஒரு மருத்துவர் மறைக்காமல் சொன்ன அரைகுறைப் பரிசோதனையில் தொடங்குகிறது.

பிலிமில் படமெடுக்கும் ஆர்வலர்கள் இன்று தங்கள் அன்றாடப் படங்களையும் இருட்டறைப் பரிசோதனைகளையும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதை இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பொழுதுபோக்கின் மேல் இன்னொரு பொழுதுபோக்காகத் தெரியலாம். உண்மையில் இந்தக் கலை கற்கப்படுவதே அந்த வழியில்தான். எடுத்த படத்தை, எடுத்த விதத்தோடும் கெட்ட இடத்தோடும் சேர்த்துச் சக ஆர்வலர் முன் வைப்பது, கேமராவைக் கையாள்வதைப் போலவே இந்தக் கைத்தொழிலின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டுப் பிலிமைப் பழகுகிறவர் பாதியை மட்டுமே பழகுகிறார்.

பகிர்ந்த இடத்தில் கலை எப்படி வளர்ந்தது, பூட்டிய இடத்தில் எப்படித் தயங்கியது என்பதற்கு 1840களின் பிரிட்டன் நல்ல சாட்சி. நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற அடிப்படையையே உலகுக்குத் தந்தவர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். அவரது அறிவுப் பங்களிப்பில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் 1841இல் தமது கலோடைப் முறைக்கு அவர் காப்புரிமை எடுத்தார். இங்கிலாந்தில் அந்த முறையைக் கையாள நினைத்தவர்கள் அனுமதியையும் கட்டணத்தையும் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. அந்தக் காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது. அங்கே எடின்பரோ நகரில் வழக்கறிஞர்களும் அவர்களின் நண்பர்களும் கூடி, உலகின் மிகப் பழைய புகைப்படக் கழகங்களுள் ஒன்றான எடின்பரோ கலோடைப் கிளப்பை உருவாக்கினார்கள். அதே நகரில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் என்ற இருவரும் நியூஹேவன் என்ற மீனவக் குப்பத்து ஆண்களையும் பெண்களையும் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அடுத்த பாய்ச்சலும் பகிர்விலிருந்தே வந்தது. லண்டன் சிற்பி ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் கொலோடியன் முறையைக் காப்புரிமை இல்லாமல் ‘தி கெமிஸ்ட்’ இதழில் வெளியிட்டார். சில ஆண்டுகளில் பழைய முறைகளையெல்லாம் அது ஓரங்கட்டிவிட்டது.

ஆர்ச்சர் வறுமையில்தானே இறந்தார், பகிர்ந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1857இல் அவர் இறந்தபோது குடும்பத்துக்காக நிதி திரட்ட வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பை நம்பிப் பிழைப்பவரிடம் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஆர்வலரின் நிலை வேறு. அவருடைய சோறு இந்தப் படத்தில் இல்லை. சூத்திரத்தை ஒளித்துவைப்பதால் அவருக்கு ஒரு பைசா லாபமும் இல்லை. சொல்வதால் ஒரு பைசா நட்டமும் இல்லை. தொழில் செய்பவர்களுக்கு வாய்க்காத இந்தச் சுதந்திரம் ஆர்வலர்களுக்கு வாய்த்திருக்கிறது. மேடாக்ஸால் அரைகுறையானதைக் கூச்சமின்றி வெளியிட முடிந்ததற்கும் அதுதான் அடிப்படை.

பகிர்வு இல்லாமல் பிலிமைக் கற்பது ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொள்ள, பிலிமுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிலிம் என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஜெலட்டின் பூச்சு. அந்தப் பூச்சுக்குள் வெள்ளி ஹாலைடு படிகங்கள். ஒளி பட்ட படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்கின்றன. அப்போது உருவாகும் படிமம் கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் அந்தப் படிகங்களை முழுக்க வெள்ளியாக மாற்றிக் கறுக்கவைக்கிறது. ஹைப்போ ஒளிபடாத படிகங்களைக் கரைத்து நீக்குகிறது. கழுவி வெளியே எடுத்த நெகட்டிவ் வெளிறிப்போய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளி குறைவாக விழுந்திருக்கலாம், ஒளிமானி பொய் சொல்லியிருக்கலாம், டெவலப்பர் பழசாகியிருக்கலாம், தண்ணீர் குளிர்ந்திருக்கலாம், நேரம் போதாமல் இருக்கலாம், பிலிமே காலாவதியாகியிருக்கலாம். இத்தனை காரணங்களும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே விளைவைத் தருகின்றன. எடுப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவே நாட்கள் கடந்துவிடுவதால் நினைவும் உதவாது. டிஜிட்டல் கேமராவில் அடுத்த நொடியே திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. தனியாள் ஒருவர் இந்த முடிச்சை அவிழ்க்க ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அதற்குள் சுருள்கள் தீரும், காசு தீரும், பல சமயம் ஆர்வமும் தீரும்.

இருபது நெகட்டிவ் பார்த்த கண் இன்னொன்றைக் கவனிக்கும். சுருளின் ஓரத்தில் தயாரித்தவர்கள் பதித்த எண்களும் எழுத்துகளும் இருக்கும். படம் வெளிறியிருந்து, ஓர எழுத்துகள் நல்ல கறுப்பாக இருந்தால், கழுவியதில் பெரிய பிழை இல்லை, கேமராவில்தான் ஒளி குறைந்திருக்கிறது. ஓர எழுத்துகளும் மங்கியிருந்தால் டெவலப்பரையோ வெப்பத்தையோ நேரத்தையோ சந்தேகப்பட வேண்டும். ஒருவர் பார்த்துச் சொன்னால் ஒரு நிமிட விஷயம். தானாகக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆகலாம். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இத்தகைய கைப்பழக்கம் இன்னும் முக்கியம். கறுப்பு வெள்ளைச் செய்முறைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை வைத்து எழுதப்பட்டவை. மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ குழாய்த் தண்ணீர் அதைவிட மிகவும் சூடாக இருக்கும். வெப்பம் ஏறினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், நேரத்தைக் குறைக்க வேண்டும். ஜெலட்டினும் இளகி எளிதில் கீறல் விழும். வெளிநாட்டுக் கையேட்டில் இதற்குப் போதிய விடை இருக்காது. அதே ஊரில், அதே தண்ணீரில் கழுவிப் பார்த்தவரிடம் இருக்கும்.

இந்த வெப்பச் சிக்கல் சென்னைக்குப் புதிதல்ல. 1850களின் நடுவில், பம்பாயிலும் கல்கத்தாவிலும் போலவே, சென்னையிலும் புகைப்படச் சங்கம் தோன்றியது. ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் அதில் முன்னின்றார். சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் 1855ஆம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சியில் தம் படங்களை வைத்தார். பின்னர் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். ஈரத் தகடு உடனே காய்ந்துவிடும் வெயிலில் அவர் பெரிதும் நம்பியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத் தொகுப்பாக அவர் ஆக்கினார். ஐரோப்பாவில் எழுதப்பட்ட முறை இங்கே எப்படிப் பலிக்கும் என்பதை இங்கே செய்து பார்ப்பவர்கள்தான் சொல்ல முடியும். அந்தச் சொல்லைக் கேட்க ஒரு கூட்டம் வேண்டும். அன்றைய சங்கங்கள் தோன்றியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கோயில் கோபுரம், திருவிழா, மலைச்சிகரம் என்று பெரிய காட்சிகளை விட்டுவிட்டு, ஜன்னலையும் காயும் துணியையும் டீக்கடை பெஞ்சையும் ஏன் எடுத்துக் காட்ட வேண்டும்? இது அடக்கத்தால் செய்யும் தேர்வு அல்ல. பரிசோதனைக்கு அன்றாடப் பொருளைப் போல உதவுவது வேறில்லை. ஜன்னல் நாளையும் அங்கேயே இருக்கும். அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு பிலிமில், இன்னொரு டெவலப்பரில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாறியது என்ன, மாறாதது என்ன என்று தெளிவாகத் தெரியும். இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கேமராப் படம், 1820களின் பிற்பகுதியில் பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் தம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. டால்பட்டின் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவும், 1835இல் லேகாக் இல்லத்தில் அவர் எடுத்த ஒரு ஜன்னல்தான். பெரிய காட்சி தன் அழகால் பிழையை மறைத்துவிடும்; சூரிய உதயத்தைப் பார்ப்பவர் கவனம் சூரியனிடம் போய்விடும். சாதாரணச் சுவரில் விழுந்த வெயிலுக்கு அப்படி ஒரு சிபாரிசு கிடையாது. ஒளியும் நிழலும் கட்டமும் சரியாக அமைந்தால் மட்டுமே அது நிற்கும். அதோடு, இன்று சாதாரணமாகத் தெரிவது நாளை ஆவணம் ஆகும். தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வாளர்கள் தேடிச் சேகரிப்பது, அவற்றில் உடையும் நாற்காலியும் நிற்கும் விதமும் பதிந்திருப்பதால்தான். எடுத்தவர்கள் வரலாறு எழுத நினைத்து எடுத்தவை அல்ல அவை.

அன்றாடப் பொருளும் பகிர்வும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு, காபியில் பிலிம் கழுவுவது. 1995இல் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஸ்காட் வில்லியம்ஸும் மாணவர்களும், இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சலவைச் சோடாவையும் கலந்தால் அது டெவலப்பராக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். காபியில் உள்ள காஃபீயிக் அமிலம் போன்ற பொருள்கள்தான் இதைச் செய்கின்றன. தூக்கத்தைக் கலைக்கும் காஃபீனுக்கு இதில் பங்கில்லை. முதல் செய்முறை மெதுவானது. பிறகு பல நாடுகளின் ஆர்வலர்கள் அதைத் தங்கள் வீட்டில் செய்து பார்த்து, தங்கள் நெகட்டிவ்களைக் காட்டிக் காட்டித் திருத்தினார்கள். வைட்டமின் சி சேர்த்தால் வேகம் கூடுகிறது என்றார்கள். ரொபஸ்டா கொட்டையில் செய்த மலிவான தூள் விலையுயர்ந்ததைவிட நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். புகைமூட்டம் படிந்தால் பொட்டாசியம் புரோமைடு துளி சேர்க்கலாம் என்றார்கள். இன்று பரவலாகப் புழங்கும் ஒரு செய்முறை: ஒரு லிட்டர் தண்ணீரில் நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், காபித்தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். எந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் இதைச் செம்மைப்படுத்தவில்லை. தங்கள் வெளிறிய நெகட்டிவையும் கறை படிந்த நெகட்டிவையும் வெட்கப்படாமல் காட்டியவர்கள்தான் செம்மைப்படுத்தினார்கள். பிலிமைத் திருப்பிப் போட்டுச் சிவப்பேறிய படம் எடுப்பது, ஒருவர் எடுத்து முடித்த சுருளையே இன்னொரு ஊர்க்காரருக்கு அனுப்பி அதன் மேலேயே மறுபடி எடுக்கச் செய்வது போன்ற பழக்கங்களும் இப்படியே கைமாறிப் பரவியவை.

கைப்பேசியில் கோடிக்கணக்கானோர் தினமும் படம் பகிர்கிறார்களே, பகிர்வுக்கு என்ன பஞ்சம் என்பது அடுத்த ஆட்சேபம். பகிர்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பார்த்து மகிழ்வதற்காகக் காட்டுவது. அதில் தவறே இல்லை. பேரக்குழந்தையின் படத்துக்கு ஷட்டர் வேகம் எதற்கு? இன்னொன்று, கற்பதற்கும் கற்பிப்பதற்கும் காட்டுவது. 1850களில் லண்டனில் இயங்கிய புகைப்படப் பரிமாற்றக் கழகத்தின் உறுப்பினர்கள் பிரதிகளை ஒருவருக்கொருவர் அனுப்பியபோது, எடுத்த முறை பற்றிய குறிப்பையும் சேர்த்தார்கள். வித்தியாசம் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. எந்தப் பிலிம், எவ்வளவு ஒளி, எந்த டெவலப்பர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பது தெரிந்தால் பார்ப்பவர் அதைத் தாமும் செய்து பார்க்கலாம், பிழையைச் சுட்டலாம். குறிப்பில்லாத படத்துக்குப் பாராட்டு கிடைக்கும். அதிலிருந்து பாடம் கிடைக்காது. விருப்பக்குறிகளின் எண்ணிக்கை படம் பிடித்திருந்ததா என்று மட்டும் சொல்கிறது. நிழல் ஏன் அடைத்துப்போனது என்று சக ஆர்வலர்தான் சொல்வார்.

செத்துப்போன தொழில்நுட்பத்துக்கு இவ்வளவு உழைப்பு வேண்டுமா, செலவும் அதிகமாயிற்றே என்பவர்களும் உண்டு. செலவு உண்மை. ஒரு சுருளில் 36 படம்தான். வாங்கவும் கழுவவும் தனித்தனிக் காசு. ஆனால் அது பகிர்வுக்கு எதிரான வாதம் ஆகாது. ஒரு சுருளின் விலை ஏற ஏற, அந்தச் சுருள் கற்றுத்தந்ததைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்வதன் மதிப்பும் ஏறுகிறது. தொழில்நுட்பம் செத்துவிட்டது என்பதும் சரியல்ல. போலராய்ட் நிறுவனம் 2008இல் உடனடிப் பிலிமை நிறுத்தியபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே தொழிற்சாலை இயந்திரங்களை இம்பாசிபிள் புராஜெக்ட் என்ற சிறு குழு காப்பாற்றியது. பழைய ரசாயனங்கள் கிடைக்காததால் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. 2010இல் வந்த முதல் பிலிம்கள் குறையுள்ளவை. கேமராவிலிருந்து வெளியே வரும்போதே ஒளிபடாமல் மறைக்க வேண்டும். குறையோடு வாங்கிப் பயன்படுத்தி, எப்படி மறைப்பது, எந்த வெப்பத்தில் நிறம் சரியாக வரும் என்று தமக்குள் சொல்லிக்கொண்ட ஆர்வலர்களால்தான் அந்தப் பிலிம் தாக்குப்பிடித்தது. கோடாக் நிறுத்தியிருந்த எக்டாக்ரோம் 2018இல் திரும்பியது. 2024இல் பென்டாக்ஸ் புதிய பிலிம் கேமராவையே வெளியிட்டது. மாறாக, 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்த நம் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நலிந்து மூடப்பட்டுவிட்டது. ஆலை போனதற்குக் காரணங்கள் பல. ஆனால் அந்தப் பிலிமைப் பயன்படுத்திய ஸ்டுடியோக்காரர்களின் கைப்பழக்கம் எழுதப்படாமல், கேட்கப்படாமல் மறைந்துகொண்டிருப்பது நம் கையில் இருக்கும் இழப்பு. அவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கூடிப் பார்ப்பதால் எல்லாரும் ஒரே மாதிரி எடுக்கத் தொடங்குவார்கள் என்பதுதான் எனக்குப் படுகிற மிக வலுவான ஆட்சேபம். கழகங்களுக்கு அந்த நோய் உண்டு. போட்டி, பரிசு, நடுவர் விருப்பம் என்று போய், ஒரே வகைப் படமே உயர்ந்தது என்று ஒரு காலத்தில் ஊறிப்போயிருந்தார்கள். புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1902இல் அமெரிக்கக் கழகங்களின் பழக்கத்தோடு முரண்பட்டு வெளியேறினார். வெளியேறியவர் தனியே உட்கார்ந்துவிடவில்லை. ‘போட்டோ சிசெஷன்’ என்ற புதிய வட்டத்தை உருவாக்கி, ‘கேமரா ஒர்க்’ இதழை 1917 வரை நடத்தினார். ஏறக்குறைய யாருக்கும் காட்டாமல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த சிகாகோவின் விவியன் மேயரை எதிர்வாதமாகச் சொல்லலாம். தனிமையிலும் மேதைமை வளரும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய பல சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன; மற்றவர்கள் கழுவி, அச்சிட்டு, காட்டிய பிறகுதான் அவை உலகுக்குப் படங்களாயின. ஒரே மாதிரித்தனத்துக்கு மருந்து, பரிசைக் குறைத்துக் குறிப்பைக் கூட்டுவது. எப்படிச் செய்தாய் என்று கேட்கும் வட்டத்தில் முறை பரவும். பார்வை அவரவருடையதாகவே இருக்கும். எது அழகு என்று தீர்ப்புச் சொல்லும் வட்டத்தில்தான் பார்வை நகலாகிறது.

பகிர்வுக்கு வரம்பும் உண்டு. அன்றாடப் படத்தில் அடுத்தவர் முகமும் வீடும் வரும். அவர்கள் நம் பரிசோதனைப் பொருள்கள் அல்லர். கேட்டு எடுப்பதும், வேண்டாம் என்றால் காட்டாமல் விடுவதும் அடிப்படை நாகரிகம். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கால்வாயில் கொட்டுவது நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. பலர் சேர்ந்து கழுவும் வட்டத்தில் அதைச் சேகரித்து, வெள்ளியைப் பிரித்தெடுப்பவரிடம் கொடுப்பது எளிது. தனியாளுக்கு அது பெரும்பாடு.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. ஊருக்கு நாலைந்து பேர் போதும். மாதம் ஒருமுறை ஒரே பிலிமை, ஒரே தெருவில், ஒரே வாரத்தில் எடுத்து, வெவ்வேறு விதமாகக் கழுவி மேசையில் பரப்பலாம். ஒவ்வொருவரும் தமது சிறந்த படத்தோடு கெட்ட படம் ஒன்றையும் கொண்டுவர வேண்டும், குறிப்பும் கட்டாயம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். பழைய ஸ்டுடியோ நடத்தியவர் ஒருவரை அழைத்து, கோடையில் தண்ணீரை எப்படிக் குளிர்வித்தார்கள், பிரிண்ட் போடும்போது நிழலை எப்படித் தூக்கினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அந்தக் குறிப்பேடு அடுத்து வருபவருக்குத் தமிழில் கிடைக்கும் கையேடாகும். சிறந்த படம், எடுத்தவரின் திறமையைச் சொல்லும். கெட்ட படம், காரணத்தோடு சொல்லப்பட்டால், பார்த்த அத்தனை பேரையும் அந்தப் பிழையிலிருந்து காப்பாற்றும். ஒரு கலையை உயிரோடு வைத்திருக்க இந்த இரண்டாவது உதவிதான் அதிகம் தேவைப்படுகிறது.